தாய்வழிக் குடியும் ஆறாம் நிறமூர்த்தமும்

எங்கள் கிழக்கிலங்கைக் கரையோரத்தில் ஒரு கல்யாணப் பேச்சு தொடங்கினால் முன்பெல்லாம் முதலில் விசாரிக்கப்படுவது குடி. மாப்பிள்ளை என்ன குடி, பெண் என்ன குடி. இரண்டும் ஒன்றாக இருந்துவிட்டால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். இப்போது பட்டமும் உத்தியோகமும் முந்திக்கொண்டன. அட்டாளைச்சேனையில் இளையவர்கள் பலருக்குத் தங்கள் குடியின் பெயரே தெரியாது. ஆனாலும் பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் என்றிருந்த ஒழுங்கைக் கண்ணால் கண்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். குடி தாய் வழியாக வருவது. உம்மாவின் குடிதான் பிள்ளைக்கு. வாப்பா வேறு குடிக்காரர், வீட்டுக்கு வந்தவர். வளவும் வீடும் அதே வழியில்தான் போகின்றன: மகளுக்கு வீடு, மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். அக்கரைப்பற்றில் தங்கிப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே, இப்பகுதித் தமிழரும் முஸ்லிம்களும் இந்த முறையைப் பொதுவில் வைத்திருப்பதை 2008 இல் வெளிவந்த தன் பெருநூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

இதை இங்கே எடுத்ததற்குக் காரணம் ஒரு வருத்தம். என் சாச்சிக்கு நாற்பது கடந்த சில வருடங்களில் கைவிரல் மொளிகள் வீங்கத் தொடங்கின. வயது போன பிறகு முழங்கால் தேய்ந்து வரும் நோவு வேறு. சாச்சியுடைய வருத்தம் இரண்டு கையிலும் ஒரே மாதிரி வரும். விடியற்காலையில் கடுமையாக இருக்கும். ஒரு மணித்தியாலம் போனபின் மெல்ல இளகும். சுபஹுக்கு எழும்பி உளூ எடுக்கப் போனால் பைப்பின் பிடியைத் திருப்ப முடியாது. உள்ளங்கையின் அடிப்பக்கத்தால் அதைத் தட்டித் தட்டித் திறப்பார். திருவலையில் தேங்காய் துருவும் வேலை மூத்த மகளுக்குப் போயிற்று, பிட்டு கொத்துவது இளையவளுக்கு. கிளினிக்கில் கேட்டார்களாம்: "உம்மா, ஒங்கட குடும்பத்துல வேற ஆருக்கும் இந்த வருத்தம் இரிக்கா?" சாச்சி சொன்ன பதில்: "எங்கட உம்மாக்கு இரிந்த டொக்டர். பெத்தாக்கும் கையெல்லாம் கோணித்தான் இரிந்த." கொப்பியில் அது பதிவாயிற்று. சாச்சியின் வாப்பா ஐம்பது வயதில் நெஞ்சடைத்து மவுத்தானவர். அது பதிவாகவில்லை. யாரும் கேட்கவில்லை; சாச்சிக்கும் அது குடும்பக் கதையாகத் தோன்றவில்லை. மூட்டு வருத்தத்துக்கும் வாப்பாவின் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கிறது. அதைத்தான் உலகின் பல ஆய்வுகூடங்கள் கடந்த இருபது வருடங்களாகத் துருவிக்கொண்டிருக்கின்றன.

சாச்சிக்கு வந்தது மூட்டுவாதம். அதன் மரபுக் கதை ஆறாம் நிறமூர்த்தத்தில் தொடங்குகிறது. எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுக் கூட்டம் அங்கே இருக்கிறது. உடலுக்குள் கிடைத்த புரதத் துண்டுகளை எடுத்துக் காட்டி, இது நம்முடையதா அந்நியமா என்று நோயெதிர்ப்புக் கலங்களைத் தீர்மானிக்க வைப்பது அதன் வேலை. டல்லஸில் பீற்றர் ஸ்டாஸ்னி 1970களில் இந்தக் கூட்டத்தில் ஒரு வகை மூட்டுவாதக்காரரிடம் அதிகமாகக் காணப்படுவதைக் கவனித்தார். 1987 இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் அதைக் கூர்மையாக்கினார்கள். ஆபத்தான வகைகள் பல, பார்வைக்கு வெவ்வேறானவை, ஆனால் அவை உண்டாக்கும் புரதத்தின் 70 முதல் 74 வரையான இடங்களில் அமினோ அமில வரிசை கிட்டத்தட்ட ஒன்றே என்றார்கள். ஐந்தே ஐந்து அமினோ அமிலம். ஐரோப்பியரிடம் 04:01, 04:04 என்ற எண் பெற்ற வகைகள் முன்னிற்கின்றன. இந்தியாவிலும் பிரித்தானியாவின் தெற்காசியரிடமும் செய்த ஆய்வுகளில் 10:01 என்பது திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது.

இந்த நிறமூர்த்தத்தில் ஒன்று உம்மாவிடமிருந்து வரும், மற்றது வாப்பாவிடமிருந்து வரும். சரிபாதி. எங்கள் குடி முறையை அச்சொட்டாகப் பின்பற்றும் மரபுப் பொருள் உடம்பில் இல்லாமலில்லை. கலத்துக்குச் சக்தி தயாரிக்கும் இழைமணிக்கென்று சொந்த மரபணுத் தொகுதி உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வரும். மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு முடிந்துவிடும். மூட்டுவாதத்தின் பிரதான மரபணு அங்கே இல்லை என்பதுதான் சங்கடம். உம்மா, பெத்தா என்று தாய்வழியில் நேராக இறங்கிவரும் வருத்தத்தைப் பார்த்து எங்கள் பெண்கள் "இது எங்கட குடிக்குள்ள வாற வருத்தம்" என்று சொல்லும்போது பாதிக் கணக்கைத்தான் சொல்கிறார்கள். தாயின் வீட்டிலேயே வளர்ந்து, அதன் பக்கத்து வளவிலேயே குடியிருக்கும் பெண்ணுக்கு பெத்தாவின் விரல்கள் தெரியும். வாப்பாவின் உம்மாவுடைய விரல்கள் பெருநாளைக்குப் பெருநாள் பார்த்தவை. இந்த வருத்தம் ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருவதும் அந்த மயக்கத்தை உறுதியாக்கிவிடுகிறது.

மரபணுவுக்கு எவ்வளவு பங்கு என்று அளக்க இரட்டையரைப் பார்ப்பார்கள். பிரித்தானியாவில் 1993 இல் வெளியான ஆய்வில், ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மூட்டுவாதம் வந்தால் மற்றவருக்கும் இருந்தது ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம்தான். சாதாரண இரட்டையரில் 4 சதவீதத்துக்கும் குறைவு. மரபு உண்டு என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி. மரபு மட்டும் போதாது என்பதற்கும் அந்த 15 தான் சாட்சி. எஞ்சியதில் நன்றாக அறியப்பட்ட காரணி புகை. சுவீடனில் லார்ஸ் கிளாரெஸ்கொக்கின் குழு 2006 இல் காட்டியது இது: அந்த ஆபத்தான ஐந்து அமினோ அமில வரிசையின் இரு பிரதிகளையும் கொண்டவர் புகைப்பவராகவும் இருந்தால், அந்த வரிசையும் புகையும் இல்லாதவரோடு ஒப்பிடும்போது கடுமையான வகை மூட்டுவாதம் வரும் ஆபத்து 21 மடங்கு. நுரையீரலில் புகை பட்ட இடத்தில் புரதங்களின் ஆர்ஜினின் சிட்ருலினாக மாறுகிறது, குறிப்பிட்ட எச்.எல்.ஏ. வகை அந்த மாறிய துண்டை ஆர்வத்தோடு தூக்கிக் காட்டுகிறது. உடல் தன்னையே எதிரியாக எண்ணத் தொடங்குகிறது. மூட்டில் நோவு தெரிவதற்குப் பல வருடங்களுக்கு முன்பே இரத்தத்தில் அந்த மாறிய துண்டுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உலாவத் தொடங்கிவிடும்.

எங்கள் பெண்கள் சிகரட் பிடிப்பதில்லையே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மலேசியாவில் 2016 இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டுகிறது. மலாய், சீன, இந்திய வம்சாவளிப் பெண்களை வைத்துச் செய்த ஆய்வு அது. துணித் தூசியில் வேலை செய்த பெண்களுக்கு மூட்டுவாத ஆபத்து கூடியிருந்தது. தூசியோடு அந்த மரபணு வகையும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகப் பெருகியது. கல்முனைக்கு வடக்கே மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகத் தறி ஓடுகிறது. நூல் சுற்றுவதும் பாவு போடுவதும் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் வேலை. அந்த மலேசியத் தாள்களை வாசித்தபோது என் மனம் நேராக அங்கேதான் போனது. எங்கள் ஊர்ப் பெண்களின் பன்பாய்த் தூசியும் தென்னம்பாளை அடுப்புப் புகையும் பிறகு வந்தன.

இனி நெஞ்சுக்கு வருவோம்.

மூட்டுவாதக்காரர் மூட்டினால் சாவதில்லை. அதிகம் பேரைக் கொண்டுபோவது இதயமும் இரத்தக் குழாயும். 2008 இல் 24 ஆய்வுகளைச் சேர்த்து, ஒரு இலட்சத்துப் பதினோராயிரம் நோயாளருக்கு மேல் பார்த்த தொகுப்பு, இதய நோயால் சாகும் ஆபத்து பொதுச் சனத்தைவிட 50 சதவீதம் கூடுதல் என்று கணக்கிட்டது. தெற்காசியருக்கு ஏற்கெனவே ஒரு பாரம் உண்டு. இலங்கை உட்பட 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வின் தெற்காசியப் பகுதி 2007 இல் வெளிவந்தது. எங்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53. மற்ற நாட்டவருக்கு 58.8. ஏறக்குறைய ஆறு வருடம் முந்தி. சாச்சியின் வாப்பா அந்தச் சராசரிக்கும் காத்திருக்கவில்லை.

இந்த இரண்டையும் இணைக்கும் மரபணு எது என்று தேடியவர்களில் ஸ்பெயினின் கொன்சாலஸ்-கேய் முக்கியமானவர். வடமேற்கே லூகோ என்ற ஊரின் நோயாளரைப் பல வருடம் பின்தொடர்ந்து 2007 இல் அவர் குழு எழுதியது: எச்.எல்.ஏ. 04:04 வகை உடையவர்களும், இரத்தத்தில் அழற்சி அளவு தணியாமல் இருந்தவர்களும் இதய நோயால் அதிகம் இறந்தார்கள். அடுத்த வருடம் இங்கிலாந்தின் நோர்போக் பதிவேட்டிலிருந்து அதே திசையில் ஒரு முடிவு வந்தது. அங்கே மரபணு, சிகரட், சிட்ருலினுக்கு எதிரான எதிர்ப்பொருள் மூன்றும் ஒருவரிடம் சேர்ந்தபோது ஆபத்து உச்சத்துக்குப் போயிற்று. மூட்டைத் தாக்கும் கதையில் வந்த அதே மூன்று பேர் இங்கும் வருகிறார்கள்.

எனக்குப் பிடித்த சான்று வேறு. அழற்சிச் செய்தியைக் கடத்தும் இன்டர்லூகின்-6 என்ற பொருளுக்குக் கலங்களின் மேல் ஒரு ஏற்பி உண்டு. அந்த ஏற்பியின் 358ஆம் இடத்தில் சிலருக்கு ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கும். பிறவியிலேயே அந்தச் செய்தி அவர்கள் கலங்களில் கொஞ்சம் மந்தமாகத்தான் கேட்கும். 82 ஆய்வுகளைத் திரட்டி 2012 இல் 'லான்செட்' வெளியிட்ட கட்டுரை, இந்த மாற்றத்தின் ஒவ்வொரு பிரதிக்கும் இதயக்குழாய் நோய் 3.4 சதவீதம் குறைகிறது என்றது. அதே மாற்றம் மூட்டுவாதத்தையும் குறைக்கிறது என்று அடுத்து வந்த ஆய்வு சொன்னது. மூன்றரைச் சதவீதம் சிறிய எண்தான். ஒரு மனிதரின் விதியை அதை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் மூட்டுக்கும் இதயத்துக்கும் ஒரே வாசல் வழியாகத்தான் கேடு வருகிறது என்பதை இதைவிடச் சுத்தமாக நிரூபிக்க முடியாது. பிறக்கும்போதே குலுக்கல் முறையில் பங்கிடப்பட்ட மரபணுவில் உணவும் வசதியும் கலந்து குழப்ப வழியில்லை. மூட்டுவாதத்துக்குப் பாவிக்கும் டொசிலிசுமாப் என்ற ஊசி மருந்து அடைப்பதும் இந்த ஏற்பியைத்தான்.

ஆனால் இந்த அறிவு கிளினிக் வாசலுக்கு வரும்போது தலைகீழாகிவிடுகிறது. ஒரு நாள் சாச்சி சந்தோசமாக இரத்தப் பரிசோதனைத் துண்டைக் காட்டினார். கொலஸ்ட்ரோல் நன்றாகக் குறைந்திருந்தது. மருந்தை ஒழுங்காக எடுக்காமல் விரல்கள் கொழுக்கட்டை போல வீங்கியிருந்த மாதங்கள் அவை. அழற்சி கொழுந்துவிட்டு எரியும்போது இரத்தக் கொலஸ்ட்ரோல் இறங்கும் என்பது வைத்தியர்களுக்குத் தெரிந்த விசயம். அமெரிக்காவின் ரொசெஸ்டர் ஊர் நோயாளரை ஆராய்ந்து 2011 இல் மியாசோயேடோவாவின் குழு சொன்னது இதைவிட விசித்திரம்: மூட்டுவாதக்காரரில் கொலஸ்ட்ரோல் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கும் இதய ஆபத்துக் கூடுதல். நல்ல மருந்து கொடுத்து அழற்சி தணிந்ததும் கொலஸ்ட்ரோல் ஏறும். உடனே வீட்டில் பயம் பிடித்துவிடும், "இந்தக் குளிசைதான் கொலஸ்ட்ரோலக் கூட்டுது" என்று ஒருவர் சொல்வார், மருந்து நிற்கும். நன்மையின் அடையாளத்தைக் கேடென்று வாசித்து விரட்டும் வேலை இது. சாச்சியின் வீட்டிலும் இது நடந்தது.

நெஞ்சு நோவும் இவர்களை ஏமாற்றும். ரொசெஸ்டரிலிருந்தே 2005 இல் வந்த இன்னொரு ஆய்வு: மூட்டுவாதக்காரர் நெஞ்சு நோவென்று வைத்தியரிடம் போவது குறைவு, அவர்களே அறியாத மாரடைப்பும் திடீர் மரணமும் கூடுதல். இதற்குக் காரணம் தேட எனக்குப் பெரிய விஞ்ஞானம் தேவைப்படவில்லை. மாடிப்படி ஏறாத, சந்தைக்கு நடக்காத, கதிரையில் இருந்து தொழுகிற பெண்ணின் இதயம் தன் குறையைக் காட்டச் சந்தர்ப்பமே கிடைப்பதில்லை. இடது தோளில் உளைவு வந்தால் அது மூட்டின் கணக்கில் எழுதப்படும். மூச்சு வாங்கினால் உடம்பு பாரம் என்பார்கள். பனடோலும் டைக்ளோஃபெனாக்கும் ஃபார்மசியில் துண்டில்லாமல் வாங்கலாம். இரண்டாவது இதயத்துக்கு நல்லதல்ல, அதுவும் மாதக்கணக்கில். 2006 இன் கடைசியில் கல்முனைப் பக்கம் சிக்குன்குனியா பரவியபோது ஊர் முழுக்க மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தது. அதற்குப் பிறகு பல வருடம் எந்த மூட்டு உளைவுக்கும் அந்தப் பெயரே போதுமான விளக்கமாக இருந்தது. மூட்டுவாதத்தைத் தொடக்கத்திலேயே பிடிக்க வேண்டிய மாதங்கள் அதில் கழிந்தன.

வைத்தியத்தில் உறுதியான செய்தி ஒன்று உண்டு, அது பழைய மருந்தைப் பற்றியது. மெதொட்ரெக்சேட். கிழமைக்கு ஒருநாள் மட்டும் எடுப்பது. சாச்சி அதை "வெள்ளிக் குளிசை" என்பார். ஜும்ஆ நாளில் மறக்காதாம். தவறி நாளுக்கு ஒன்றென்று எடுத்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் இப்படி ஒரு பெயர் இருப்பது நல்லதே. 1,240 நோயாளரைப் பின்தொடர்ந்து 2002 இல் 'லான்செட்'டில் வந்த கன்சாஸ் ஆய்வில், இதை எடுத்தவர்களிடம் இதய மரணம் எழுபது சதவீதம் குறைந்திருந்தது. அவ்வளவு பெரிய எண்ணை நான் அப்படியே நம்புவதில்லை. பிறகு வந்த தொகுப்புகள் இருபது சதவீதத்தின் பக்கம் நிற்கின்றன. மூட்டுவாதம் இல்லாத இதய நோயாளருக்கு இதே மருந்தைக் கொடுத்து 2018 இல் முடிந்த பெரிய பரிசோதனையில் பலன் இல்லை. உடலில் அழற்சி எரிந்தால்தான் அதை அணைப்பதில் இதயத்துக்கு இலாபம் என்றே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது இந்த ஒரு குளிசைக்காக ஊர் ஊராக ஃபார்மசிகளைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்த ஆய்வுகளை யாரும் சொல்லவில்லை. அவர்கள் விரல் நோவுக்காக அலைந்தார்கள்.

மரபணுப் பரிசோதனை செய்து பார்க்கலாமா என்று படித்த மருமகன்கள் கேட்கிறார்கள். என் அபிப்பிராயம், அந்தக் காசுக்கு வேறு செலவு இருக்கிறது. 04:04 என்றோ 10:01 என்றோ விடை வந்தால் அதை வைத்து எந்த மருந்தும் மாறப்போவதில்லை. பிரஷர் பார்க்கும் பட்டிக்கு அந்தச் சங்கடம் இல்லை. ஐரோப்பிய மூட்டு வைத்தியர்களின் சங்கம் 2009 இலேயே, வழமையான அட்டவணையில் வரும் இதய ஆபத்தை, குறிப்பிட்ட சில அடையாளங்கள் கொண்ட மூட்டுவாதக்காரருக்கு 1.5 ஆல் பெருக்கச் சொன்னது. பிரித்தானியாவின் கணிப்பில் மூட்டுவாதத்துக்கு ஒரு பெட்டி, தெற்காசிய வம்சங்களுக்கும் பெட்டிகள். உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் வயது, புகை, பிரஷர், சீனி, கொலஸ்ட்ரோல் என்று கட்டங்கள் உண்டு, மூட்டுக்குக் கட்டமில்லை. சாச்சி போன்ற ஒருவரின் கொலஸ்ட்ரோல் குறைந்த மாதத்தில் அந்த அட்டவணை அவருக்குப் பச்சை நிறம் காட்டும்.

2019 இல் சுவீடனிலிருந்து வந்த ஒரு முடிவு என்னை அதிகம் யோசிக்க வைத்தது. மூட்டுவாதக்காரரின் கூடப் பிறந்தவர்களை, அந்த வருத்தம் இல்லாத அண்ணன் தம்பி அக்கா தங்கைமாரை, தேசியப் பதிவேடுகளில் தேடிப் பார்த்திருக்கிறார்கள். நோயாளருக்கு மாரடைப்பு வகை நோய்கள் 46 சதவீதம் கூடுதல். மூட்டு சுகமாக இருந்த அந்தச் சகோதரர்களுக்கும் 23 சதவீதம் கூடுதல். அவர்கள் உடலில் வீங்கிய மூட்டு இல்லை, வெள்ளிக் குளிசை இல்லை. ஒரே உம்மா வாப்பா மட்டும் உண்டு. எங்கள் ஊரில் தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் காக்கா கல்யாணம் முடிப்பதில்லை. கட்டார், சவூதி என்று போய் உழைத்து, வந்து, சீமெந்தும் ஓடும் வாங்கிக் கொடுத்து, பிறகு தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவார். தங்கையின் விரல் வீங்கியபோது அது தன் நெஞ்சுக்கு வந்த தகவலும்கூட என்று அவருக்கு யார் சொல்வது? கிளினிக் கொப்பியில் அவர் பெயருக்கு இடமில்லை.

இந்தக் கரையில் ஒரு நல்ல ஆய்வுக்கு வாய்ப்பு சும்மா கிடக்கிறது. மகள்மார் தாயின் வளவிலேயே இருக்கிறார்கள். அதே அடுப்பு, அதே தூசி, அதே கிணறு. மகன்மார் அதே மரபணுவில் பாதியோடு வேறு வளவுகளுக்குப் போய்விடுகிறார்கள். மரபு எவ்வளவு, வீடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க ஐரோப்பாவில் தத்தெடுத்த பிள்ளைகளையும் இரட்டையரையும் தேடி அலைகிறார்கள். இங்கே கல்யாண முறையே அந்தப் பிரிப்பைச் செய்து வைத்திருக்கிறது. பெண்களை ஒரு பகலில் ஒரே வளவில் எண்ணி முடிக்கலாம். ஆண்களுக்குத்தான் பாலமுனை, நிந்தவூர், சம்மாந்துறை என்று மாமியார் வீடுகளின் விலாசம் வேண்டும். அதையும் மஃரிபுக்குப் பிறகு போனால்தான் ஆளைப் பிடிக்கலாம்.